எலிக்கூண்டும் குளிசைப் போத்தலும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை மேதைகளின் பெயர்ப் பட்டியலாக எழுதிவிடும் வழக்கம் நம்முடைய பாடநூல்களிலிருந்து இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. இன்னார் இன்ன ஆண்டில் இன்னதைக் கண்டுபிடித்தார் என்பதோடு பாடம் முடிந்துவிடுகின்றது. அவ்வினாவை எழுப்புமாறு அவரைத் தூண்டிய சமுதாயச் சூழல் யாது, அவர் பெற்ற விடை யாருடைய கையிற் போய்ச் சேர்ந்தது, அங்கே அஃது எவ்வுருவம் எடுத்தது என்பன கேட்கப்படுவதில்லை. ஈண்டு நாம் நோக்கப்போவது, உயர் குருதியமுக்கம் உடைய எலிகளுக்கு ‘ஒட்சியேற்ற எதிரிகள்’ எனப்படும் பொருள்களை உணவோடு சேர்த்து ஊட்டி நடத்தப்பெற்ற ஆராய்ச்சிகளின் வரலாற்றை. தமிழ் பயின்றவனுக்கு எலியோடு என்ன வேலை என்று வினவுவாருளர். ‘பிறசர்’ என்னும் சொல் இன்று நம் வீடுகளிற் பழகிப்போன சொல்லாகிவிட்டது. மருந்துக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் அழகிய பெயர்த்தாள் ஒட்டிய விற்றமின் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. அரைமாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அவற்றை வாங்குபவர்கள் நம் உறவினர். நம் சக ஆசிரியர்கள். அப்போத்தலுக்கும் ஆய்வுகூடத்துக் கூண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்ப்பது எல்லோருக்கும் உரிய வேலையே.

குருதிக்கு அமுக்கம் உண்டென்பதை முதன்முதல் அளந்து காட்டியவர் மருத்துவரல்லர். ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவர். ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் அவர் பெண் குதிரையொன்றைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடை நாடியிற் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குருதி 8 அடி 3 அங்குலம் உயர்ந்து நின்றது. இதனை அவர் நூலாக வெளியிட்டது 1733ஆம் ஆண்டில். மனிதனைக் காயப்படுத்தாது அளக்கும் கைப்பட்டியை இத்தாலியரான றிவா றொச்சி 1896இலும், நாடியின் ஒலியைக் கேட்டு மேலெல்லை கீழெல்லை இரண்டையும் அறியும் முறையை உருசிய மருத்துவரான கொறொட்கொவ் 1905இலும் தந்தனர். அளக்கத் தெரிந்ததே தவிர, அளந்ததை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தடித்துப்போன நாடிகளினூடே குருதியைச் செலுத்துவதற்கு உயர்ந்த அமுக்கம் தேவைதானென்றும், அதைக் குறைப்பது தீங்கென்றும் கருதிய மருத்துவர் பலர். 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் அமெரிக்க சனாதிபதி றூஸ்வெல்ற் மூளையிற் குருதி கசிந்து இறந்தபோது அவருடைய மேலமுக்கம் 300 மில்லிமீற்றரை எட்டியிருந்தது. உலகின் மிகச் செல்வமுள்ள நாட்டின் தலைவருக்கே கொடுப்பதற்குத் தகுந்த மருந்து அன்று இருக்கவில்லை.

நோயின் காரணத்தை அறிய வேண்டுமாயின் நோயை வேண்டியபோது உண்டாக்கிப் பார்த்தல் வேண்டும். மனிதரில் அதனைச் செய்ய இயலாது. கிளீவ்லாந்து நகரத்து நோயியலாளர் ஹரி கோல்ட்பிளாற், உயர் அமுக்கத்தால் இறந்தோரின் சிறுநீரக நாடிகள் சுருங்கித் தடித்திருப்பதைப் பிரேத பரிசோதனைகளிற் கண்டவர். சுருக்கம் விளைவா, காரணமா என்பது அவர் கேள்வி. நாய்களின் சிறுநீரக நாடியில் வெள்ளியாலான சிறு கவ்வியொன்றைப் பூட்டி, நாடியைச் சற்றே இறுக்கினார். அமுக்கம் ஏறியது, ஏறியபடியே நின்றது. 1934இல் வெளிவந்த இவ்வாராய்ச்சிக்குப் பின்னரே சிறுநீரகத்திலிருந்து புறப்பட்டு நாடிகளை இறுக்கும் பொருளைத் தேடும் வேட்டை மும்முரமாயிற்று. அமெரிக்காவில் ஒரு குழுவினரும், ஆர்ஜென்ரீனாவில் பிறவுன் மெனெண்டெசின் குழுவினரும் ஒருவரையொருவர் அறியாமல் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதனைக் கண்டனர். இரு தரப்பாரும் இட்ட பெயர்களின் பாதிகளை ஒட்டி 1958இல் ‘அஞ்சியோரென்சின்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. தென் அமெரிக்காவின் ஆய்வுகூடமொன்று வட அமெரிக்காவோடு சமமாக நின்று பெயரிற் பாதியைப் பெற்றது என்பதைக் குறித்துக்கொள்வோம். இக்கதையில் அந்நாடு மீண்டும் வரும்.

ஆயினும் கவ்வி பூட்டிய நாய், மனிதனை முற்றும் ஒத்ததன்று. நம்முள் எவர்க்கும் வெள்ளிக் கவ்வி பூட்டப்படவில்லை. பெரும்பாலோர்க்கு அமுக்கம் ஆண்டாண்டாகத் தானே ஏறுகின்றது. அத்தகைய விலங்கு தேவைப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அது இரண்டு இடங்களிற் கிடைத்தது.

ஒன்று, நியூயோர்க்கை அடுத்த புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடம். அணுசக்தி ஆணைக்குழுவின் பணத்தில் நடந்த அவ்விடத்திலே லூயிஸ் டால் என்னும் மருத்துவர் அணுவை விட்டு உப்பை ஆராய்ந்தார். வெவ்வேறு மக்கட் கூட்டத்தினர் உண்ணும் உப்பின் அளவையும் அவர்களிடையே உயர் அமுக்கம் காணப்படும் வீதத்தையும் ஒரே வரைபடத்தில் இட்டார். கீழ்மூலையில் வடதுருவத்து எஸ்கிமோவர் நின்றனர். மேல்மூலையில் நின்றவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 கிராம் உப்பு உண்ட வடயப்பானியக் குடியானவர்கள். நெடிய பனிக்காலத்தில் உப்பிலிட்ட காய்கறியும் சோறுமே கதியென வாழ்ந்த மக்கள் அவர்கள். அவ்வரைபடத்தின் கணிப்புகள் பருமட்டானவை எனப் பின்வந்தோர் குறை கூறினர், குறை நியாயமானதே. ஆனால் டால் அதனோடு நிற்கவில்லை. எலிகளுக்கு உப்பு மிகுந்த தீனியைக் கொடுத்து, அமுக்கம் ஏறியவற்றை ஏறியவற்றோடும், ஏறாதவற்றை ஏறாதவற்றோடும் இணைசேர்த்தார். சில தலைமுறைகளிலேயே இரு குலங்கள் பிரிந்துவிட்டன. ஒரு குலம் உப்பினால் மாண்டது. மற்றது அதே உப்பைத் தின்று நலமாயிருந்தது. இதனை அவர் 1962இல் வெளியிட்டார். பரம்பரையா சூழலா என்று பட்டிமண்டபம் நடத்துவோர்க்கு இவ்வெலிகள் தரும் விடையை நம் வகுப்பறைகளிற் கூறலாம்: பரம்பரை நலிவைத் தந்தது, உப்பு நோயைத் தந்தது, ஒன்றில்லாமல் மற்றது வேலை செய்யவில்லை.

பின்னர் டால் செய்த காரியம் கம்பனிகளை எரிச்சலூட்டியது. கடையிற் போத்தலில் விற்கப்பட்ட குழந்தை உணவை வாங்கிவந்து, உப்புக்கு நலிவுடைய எலிகளுக்கு ஊட்டினார். எலிகளுக்கு அமுக்கம் ஏறிற்று, சில இறந்தன. உப்பின் சுவை அறியாத சிசுவின் உணவில் உப்பைக் கலந்தது யாருக்காக? நுனிவிரலால் தொட்டுச் சுவைத்துப் பார்த்து வாங்கும் தாய்க்காக. 1970களில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் குழந்தை உணவிற் சேர்க்கும் உப்பைக் குறைத்தனர். பின்னர் பெரிய நிறுவனங்கள் அதனைக் கைவிட்டன. விலங்காராய்ச்சி மனித வாழ்வுக்கு நேராகப் பயன்பட்ட அரிய தறுவாய்களுள் இஃதொன்று. விற்பதற்கு எதுவும் இல்லாத முடிவு அது என்பதை வாசகர் மனங்கொள்க. ஒரு பொருளைச் சேர்க்காதே என்று சொல்லும் ஆராய்ச்சிக்கு விளம்பரதாரர் கிடைப்பதில்லை.

மற்ற இடம் கியோத்தோ. அங்குப் பல்கலைக்கழக நோயியற் பகுதியில் ஒகமோத்தோ, அவோக்கி என்னும் இருவர், இயல்பாகவே அமுக்கம் உயர்ந்திருந்த ஓர் ஆண் எலியைக் கண்டெடுத்து, அமுக்கம் உயர்ந்த பெண் எலியோடு சேர்த்தனர். அதன் குட்டிகளுள் அமுக்கம் மிக்கனவற்றை உடன்பிறப்போடு உடன்பிறப்பாகத் தலைமுறை தலைமுறையாய் இணைத்தனர். கவ்வியும் உப்பும் வேண்டாமலே, வளர வளரத் தானாக அமுக்கம் ஏறும் எலிக்குலம் 1963இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பாரிசவாதத்தால் மக்கள் பெருந்தொகையாய் மடிந்த நாடு அன்றைய யப்பான். அவ்வெலி அங்குத் தோன்றியது தற்செயலன்று. 1974இல் அதே குலத்திலிருந்து பாரிசவாதத்தால் இறக்கும் கிளையொன்றையும் பிரித்தெடுத்தனர். கியோத்தோ எலி 1966இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களுக்குச் சென்றது. அங்கிருந்து அதன் வமிசம் உலகெங்கும் பரவியது. இனி நாம் பேசப்போகும் பரிசோதனைகளுட் பல இவ்வெலியின் முதுகிலேறி வந்தவை.

இப்போது கதையின் மற்றக் கிளைக்கு வருவோம். நாட்பட்ட எண்ணெய் காறுவதும், றப்பர் வெடித்துப் பொடிவதும் காற்றிலுள்ள ஒட்சிசனின் வேலை. இதனைத் தடுக்கும் பொருள்களைத் தேடியவர்கள் முதலில் உயிரியலாளர் அல்லர். எண்ணெய், றப்பர் முதலாளிகளிடம் பணிபுரிந்த இரசாயனவியலாளர். ‘ஒட்சியேற்ற எதிரி’ என்னும் கருத்து தொழிற்சாலையிலே பிறந்து மருத்துவத்துட் குடிபுகுந்தது. 1922இல் கலிபோர்ணியாவில் எவன்சும் பிஷப்பும் பெண் எலிகள் கருவைத் தாங்குவதற்கு இன்றியமையாத பொருளொன்று உணவில் உண்டெனக் கண்டனர். பின்னர் விற்றமின் ஈ எனப்பட்டது அதுவே. உடலிலுள்ள கொழுப்பைக் காறாமற் காப்பது அதன் தொழில்.

உயிரைக் காக்கும் ஒட்சிசனே உயிரை அரிக்கவும் செய்யும் என்பதற்குத் தெளிவான கோட்பாட்டு வடிவம் கொடுத்தவருள் முதன்மையானவர் றெபெக்கா கேர்ஷ்மன் என்னும் ஆர்ஜென்ரீனப் பெண்மணி. புவனஸ் அயர்சில் ஹூசே என்னும் உடற்றொழிலியல் பேரறிஞரிடம் பயின்றவர். அவ்வறிஞரை, சனநாயகம் வேண்டுமென்ற அறிக்கையிற் கையொப்பமிட்ட குற்றத்துக்காக 1943இல் இராணுவ அரசு பதவி நீக்கியது. நான்காண்டின் பின் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கேர்ஷ்மன் அமெரிக்காவுக்குச் சென்று றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1954இல் ஒரு கருத்தை வெளியிட்டார்: மிகை ஒட்சிசனும் ஊடுகதிரும் உடலைக் கெடுப்பது ஒரே வழியால், இரண்டும் சோடி சேராத இலத்திரனையுடைய மூலிகங்களைப் பிறப்பிக்கின்றன, அவை அடுத்துள்ள எதனையும் தாக்குகின்றன. அன்று இதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1969இல் மக்கோட், பிறிடோவிச் என்னும் இருவர், அத்தகைய மூலிகங்களுள் ஒன்றான சுப்பரொட்சைட்டை அழிப்பதையே தொழிலாகவுடைய நொதியம் ஒன்று உடலில் இருப்பதைக் கண்ட பின்னரே ஐயம் நீங்கிற்று. காவலாளி இருக்கின்றானெனில் கள்வன் இருந்தே தீரவேண்டும் அல்லவா?

குருதிக் குழாயோடு இது தொடர்புபட்ட விதம் சுவையானது. நியூயோர்க்கின் புறூக்லினில் பேர்ச்கொற் என்பார் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஆராய்ந்து வந்தார். தளரவேண்டிய நாடித் துண்டு மருந்துபட்டுச் சுருங்கிக்கொண்டிருந்தது. துண்டை ஆயத்தஞ் செய்கையில் நாடியின் உட்பக்கம் உரசுப்பட்டு, அகவணியென்னும் மெல்லிய உட்படை போய்விடுவதே காரணமென்று தெரியவந்தது. உட்படை இருந்தால் நாடி தளர்கின்றது, இல்லையேல் சுருங்குகின்றது. ஆகவே உட்படையிலிருந்து ஏதோ ஒரு தூது செல்கின்றது என 1980இல் எழுதினார். அத்தூது, மோட்டர் வண்டிப் புகையிலும் உள்ள நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவேயென 1987இல் உறுதியாயிற்று. 1998இல் இதற்கு நோபெல் பரிசு. இதற்கிடையே 1986இல் மொன்காடாவின் குழுவினர், அத்தூதைச் சுப்பரொட்சைட்டு வழியிலேயே மடக்கி அழித்துவிடுகின்றதெனக் காட்டியிருந்தனர்.

இப்போது படம் முழுமையாயிற்று. மூலிகம் பெருகினால் தூது அழியும். தூது அழிந்தால் நாடி தளராது. நாடி தளராவிடின் அமுக்கம் ஏறும். இதனைச் சோதிக்க எலி ஆயத்தமாய்க் காத்திருந்தது. 1991இல் யப்பானிய ஆராய்ச்சியாளர், நாடியின் உட்படையிற் சென்று ஒட்டிக்கொள்ளுமாறு மாற்றியமைத்த அக்காவல் நொதியத்தைக் கியோத்தோ எலிகளுக்கு ஊசிமூலம் ஏற்றினர். அமுக்கம் இறங்கியது. இயல்பான எலிக்கு ஏற்றியபோது இறங்கவில்லை. உயர் அமுக்கத்தின் அடியிற் கிடப்பது சுப்பரொட்சைட்டோ என்ற கேள்வியையே தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கினர். கேள்விக்குறி இட்டிருந்தனர் என்பதை நினைவிற் கொள்க. அக்குறி பின்னர் விளம்பரத்தாளிற் காணாமற் போய்விட்டது.

* * *

இதன் பின்னர்த்தான் உணவு அரங்கேறுகின்றது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்திலிருந்த வசீறியின் குழுவினர் 2000ஆம் ஆண்டில் செய்த பரிசோதனையை யான் மிக விரும்புகின்றேன். காரண காரிய வாதத்தை மாணவர்க்கு விளக்க அதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அமுக்கம் உயர்ந்த எலியில் மூலிகம் மிகுந்திருக்கின்றது எனக் காட்டினால் மட்டும் போதாது. நோயே மூலிகத்தைப் பெருக்கியிருக்கலாம். ஆகையால் அவர்கள் தலைகீழாகத் தொடங்கினர். நோயற்ற எலிகளின் குடிநீரில், உடலின் சொந்தக் காவற் பொருளான குளூற்றாதயோனை ஆக்கவிடாது தடுக்கும் இரசாயனத்தை இரண்டு வாரம் கலந்து கொடுத்தனர். காவல் குன்றிய அவ்வெலிகளுக்கு அமுக்கம் கடுமையாக ஏறிற்று. வேறு சிலவற்றுக்கு அதே இரசாயனத்தோடு, தீனியில் விற்றமின் ஈயும் நீரில் விற்றமின் சீயும் சேர்த்துக் கொடுத்தனர். அமுக்கம் அவ்வளவு ஏறவில்லை. குறைந்தது எலியளவிலாவது, மூலிகம் காரணமாகவும் இருக்கவல்லது என்பது நிலைநாட்டப்பட்டது.

இதே குழுவினர் ஈயத்தைப் பற்றிச் செய்த வேலை நம்மவர் கவனத்துக்கு இன்னும் உரியது. குடிநீரிற் சிறிதளவு ஈயம் கலந்து வாரக்கணக்காகக் கொடுத்தால் எலிக்கு அமுக்கம் ஏறும். ஈயம் மூலிகங்களைப் பெருக்கி நைத்திரிக் ஒட்சைட்டை அழிக்கின்றது என 1990களின் பிற்பகுதியில் அவர்கள் காட்டினர். ஈயம் உண்ட எலிக்கு விற்றமின் ஈ மிகுந்த உணவு கொடுக்க, அமுக்கம் தணிந்தது. ஈயம் உண்ணாத எலியில் அவ்விற்றமின் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. மனிதரிலும் குருதியில் ஈயம் ஏற ஏற அமுக்கம் ஏறுவதை அமெரிக்காவின் தேசிய அளவிலான ஆய்வொன்றின் தரவுகள் 1985இலேயே காட்டியிருந்தன.

ஈயம் எங்கிருந்து வந்தது? 1923ஆம் ஆண்டு தொட்டு, இயந்திரம் சத்தமின்றி ஓடவேண்டும் என்பதற்காக அதனைப் பெற்றோலிற் கலந்தனர். அடுத்த ஆண்டே நியூயேர்சியில் அதனை உற்பத்தி செய்த தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். அப்படியிருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்து வீதிகளிலெல்லாம் அந்த ஈயம் புகையாகப் பரவியது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இலும், உலகில் கடைசியாக அல்சீரியாவில் 2021இலும் நின்றது. ஈயம் உருக்கும் பட்டறைகளிலும், பழைய பற்றரி உடைக்கும் கொல்லைகளிலும் அஃது இன்னும் மனித உடலுட் புகுந்துகொண்டேயிருக்கின்றது. எலியின் தொட்டியில் ஈயத்தை நிறுத்துவதற்கு ஆராய்ச்சியாளனின் விருப்பம் போதும். பட்டறைத் தொழிலாளிக்கோ, ஈயத்தை நிறுத்துவதிலும் பார்க்க விற்றமின் குளிசையைக் கொடுப்பது மலிவு என்று கணக்குப் பார்க்கும் முதலாளி இருப்பான். ஆராய்ச்சி அவ்வாறு சொல்லவில்லை.

கியோத்தோ எலிகளுக்கும் உணவுப் பரிசோதனை நடந்தது. வெனிசுவேலாவின் மரக்கைபோ நகரத்து அறிஞரான றொட்றிகஸ் இத்தூர்பேயும் வசீறியும் சேர்ந்து, விற்றமின் ஈ, விற்றமின் சீ, செலேனியம், நாகம் ஆகியன செறிந்த உணவை நெடுங்காலம் ஊட்டி, அமுக்கம் தணிவதையும் சிறுநீரகத்தில் அழற்சிக் கலங்கள் குறைவதையும் 2003இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டில் ஒல்லாந்தின் உத்திரெக்ற் நகரத்தில் இன்னுமோர் அடி எடுத்துவைக்கப்பட்டது. கருவுற்ற தாயெலிக்கு, குட்டி பிறப்பதற்கு இரு வாரம் முன்தொட்டு, விற்றமின்களோடு ஆர்ஜினின் முதலியவற்றையும் கொடுத்துப் பாலூட்டுங் காலத்திலும் தொடர்ந்தனர். பின்னர் நிறுத்திவிட்டனர். குட்டிகள் முதிர்ந்த பின்னும் அவற்றின் அமுக்கம் இனத்துக்குரிய உயரத்தை எட்டவில்லை. பரம்பரை விதித்ததைத் தாயின் உணவு ஓரளவு மாற்றியது. விதிவாதத்தைப் போர்வையாகப் போர்த்திய பிறப்புவாதிகள் நம்மிடையேயும் உளர். அவர்கள் இப்பரிசோதனையைச் சற்று ஆற அமரப் படித்தல் நன்று.

எலியில் இத்தனை நன்மை கண்டபின் மனிதரில் ஏன் பார்க்கக்கூடாது? பார்த்தார்கள், பெரிய அளவிற் பார்த்தார்கள். சில பரிசோதனைகள் இவ்வெலி ஆராய்ச்சிகளுக்கு முன்னரே தொடங்கியும்விட்டன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 1994இல் வந்தது. கரற்றின் குளிசை உண்டவர்களிடையே சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது. இருதய நோய் வாய்ப்புள்ள 9,541 பேருக்கு விற்றமின் ஈ கொடுத்த பரிசோதனை 2000ஆம் ஆண்டிற் பயனில்லையென முடிந்தது. பிரித்தானியாவில் 20,536 பேருக்கு மூன்று ஒட்சியேற்ற எதிரிகளையும் ஒருங்கே ஐந்தாண்டு கொடுத்தும் மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லையென 2002இல் தெரிந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில், அமுக்கத்துக்கு மருந்துண்போர்க்கு விற்றமின் சீயையும் திராட்சை விதைச் சாரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது மேலமுக்கம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஏறியே விட்டது. எதிர்ப்பக்கத்தையும் சொல்லல் முறை. விற்றமின் சீயைக் குறுகிய காலம் கொடுத்த 29 சிறு பரிசோதனைகளை 2012இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது மேலமுக்கம் சராசரி 3.84 மில்லிமீற்றர் குறைந்திருந்தது. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை சில வாரங்களில் முடிந்தவை, அமுக்கத்தைக் கணத்தில் அளந்தவை, ஆயுளை அளந்தவையல்ல.

யாவற்றினும் மனத்தை உறுத்துவது கர்ப்பிணிகளின் கதை. கர்ப்ப காலத்தில் அமுக்கம் ஏறி, வலிப்புக் கண்டு, தாயும் சேயும் மடியும் நோய் ஏழை நாடுகளில் இன்னும் கொடியது. 1999இல் இலண்டனில், அந்நோய் வரும் வாய்ப்புள்ள 283 பெண்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், போலி மாத்திரை உண்டவர்களில் 17 வீதமானோர்க்கும், விற்றமின் சீயும் ஈயும் உண்டவர்களில் 8 வீதமானோர்க்கும் நோய் கண்டது. நம்பிக்கை கரைபுரண்டது. ஆனால் 2006இல் 2,410 பெண்களிற் பார்த்தபோது நோய் குறையவில்லை. விற்றமின் உண்ட தாய்மார் நிறைகுறைந்த குழந்தைகளை அதிகமாகப் பெற்றிருந்தனர். வசதியான நாட்டுப் பெண்களுக்கு விற்றமின் குறைவில்லை, அதனாற்றான் பலனில்லை, வறிய நாட்டில் பாருங்கள் என்று வாதிக்க இடமிருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதனையும் பார்த்தது. இந்தியா, பெரு, தென்னாபிரிக்கா, வியற்நாம் ஆகிய நாடுகளின் 1,365 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது, பயனில்லை. 2010இல் அமெரிக்காவில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்ததும் அதையே கூறியது.

எலி பொய் சொல்லிற்றா? அவ்வாறு சொல்வது அறியாமை. எலி தன்னைப் பற்றிய உண்மையையே சொன்னது. கேட்டவர்கள்தாம் அதனைத் தம்மைப் பற்றியதாகக் கேட்டனர். முதலாவதாக, எலி தனக்கு வேண்டிய விற்றமின் சீயைத் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனுக்கும் கினிப்பன்றிக்கும் அவ்வாற்றல் இல்லை. நம் உடல் குறித்த அளவுக்கு மேல் அதனைத் தேக்கி வைப்பதுமில்லை. மிகுதி சிறுநீரிற் போய்விடும். இரண்டாவதாக, கூண்டெலிக்கு உணவு மாறியது கருவிலோ இளமையிலோ. அறுபது வயது மனிதனுக்குக் குளிசை வந்துசேரும்போது அவன் நாடி தடித்துப்போய் இருபதாண்டு கழிந்திருக்கும். மூன்றாவது காரணம் ஆழமானது. அமுக்கம் என்பது ஒரே நோயன்று. அற்லான்ராவில் ஹரிசனின் குழுவினர் 1996இல் இரண்டு வகையால் எலிகளுக்கு அமுக்கத்தை ஏற்றினர். அஞ்சியோரென்சினால் ஏறியவற்றின் நாடியிற் சுப்பரொட்சைட்டு பெருகியிருந்தது. நோரெபிநெப்பிரின் என்னும் வேறொரு சுரப்பால் அதே அளவுக்கு ஏறியவற்றில் அது பெருகவில்லை. ஒரே அமுக்கம், இரு வேறு வரலாறு. ஈயத்தால் ஏறிய அமுக்கம் வேறு, உப்பால் ஏறியது வேறு. எல்லாவற்றுக்கும் ஒரு போத்தலைக் காட்டுவது மருத்துவம் அன்று, வாணிகம்.

ஆய்வுகூடத்தின் உட்குறைகளும் உண்டு. கியோத்தோ எலிக்கு ஒப்பாக வைக்கப்பட்ட ‘இயல்பான’ எலிக்குலம், தூய்மையாக நிலைபெறுமுன்னரே பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. வேறு வேறு பண்ணைகளிலிருந்து வந்தவை ஒன்றையொன்று ஒத்தனவல்ல என 1987இல் எடுத்துக்காட்டப்பட்டது. எலியின் அமுக்கத்தை நெடுங்காலமாக அளந்தது வாலில் மாட்டும் பட்டியால். அதற்கு அதனை அடைத்துச் சூடாக்க வேண்டும். அஞ்சி நடுங்கும் பிராணியின் அமுக்கம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை, மருத்துவர் முன்னிலையில் தமக்குப் ‘பிறசர்’ ஏறுவதை உணர்ந்தவர்கள் அறிவர்.

விஞ்ஞானிகள் தம்முள் இவற்றை வாதித்துக்கொண்டிருக்கையிலே சந்தை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. விற்றமினை ஒரு மதமாக்கியவருள் முதல்வர் லைனஸ் போலிங். இரசாயனத்துக்கு 1954ஆம் ஆண்டின் நோபெல் பரிசையும், சமாதானத்துக்கு 1962ஆம் ஆண்டின் பரிசையும் பெற்றவர். அணுகுண்டுச் சோதனைக்கு எதிராக ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளின் கையொப்பம் திரட்டியவர். அதற்காகத் தம் அரசின் தொல்லைக்கு ஆளானவர். நம் போன்றோர் போற்றும் மனிதர். ஆயின் தடிமனுக்கு விற்றமின் சீ என்று அவர் 1970இல் எழுதிய நூல், சான்றுக்கு மிஞ்சிய உறுதியோடு எழுதப்பட்டது. சமாதானத்துக்காக அவர் பட்ட பாடு அக்குளிசைக்குச் சான்றாகாது. அவர் நேர்மையாக நம்பினார். அந்நம்பிக்கையை விற்றவர்கள் வேறு. 1994இல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின்படி, இத்தகைய துணையுணவுகளை விற்பவர் அவை பயன் தருமென்பதைச் சந்தைக்கு வருமுன் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘குருதியமுக்கத்தைக் குணப்படுத்தும்’ என்று எழுதினால் குற்றம். ‘ஆரோக்கியமான குருதியமுக்கத்துக்கு உறுதுணையாகும்’ என்று எழுதலாம். சொல்லின் பொருளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட தமிழாசிரியர்க்கு இவ்விரண்டு வாக்கியங்களின் வேறுபாடு ஒரு நல்ல பயிற்சி. உரையாசிரியர்களே திகைப்பர்.

இவற்றையெல்லாம் பார்த்து, உணவுக்கும் அமுக்கத்துக்கும் தொடர்பில்லையென முடிவுசெய்துவிடலாகாது. அமெரிக்காவில் 1997இல் வெளிவந்த ‘டாஷ்’ பரிசோதனையிற் கலந்துகொண்டோர் 459 பேர். பழமும் மரக்கறியும் மட்டும் மிகுந்த உணவு மேலமுக்கத்தை 2.8 மில்லிமீற்றர் குறைத்தது. அவற்றோடு கொழுப்புக் குறைந்த பாலுணவையும் சேர்த்து, கொழுப்பையும் குறைத்த உணவு 5.5 குறைத்தது. அமுக்கம் ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்கோ 11.4 குறைந்தது, இஃது ஒரு மருந்துக்கு நிகர். குறைத்தது அவ்வுணவிலுள்ள விற்றமினா, பொற்றாசியமா, நாரா, எல்லாம் சேர்ந்தா என்பதைப் பிரித்துக் கூற இயலாது. பிரித்து எடுத்துக் குளிசையாக்கிய போதெல்லாம் பலன் கைநழுவியதைத்தான் மேலே கண்டோம்.

அப்பரிசோதனையின் ஏற்பாட்டில் ஒரு விடயத்தைக் கவனித்தல் வேண்டும். அந்த எட்டு வாரமும் உணவு முழுவதையும் ஆராய்ச்சி நிலையத்தாரே சமைத்துக் கொடுத்தனர். உண்டவர் காசு கொடுக்கவில்லை. 2003இல் இன்னொரு பரிசோதனை 810 பேரைக் கொண்டு நடந்தது. உப்பையும் உடல் நிறையையும் குறைத்து உடற்பயிற்சி செய்யுமாறு ஒரு பகுதியினர்க்கு அறிவுரை கூறப்பட்டது. இன்னொரு பகுதியினர்க்கு அதனோடு ‘டாஷ்’ உணவையும் உண்ணுமாறு கூறப்பட்டது. உணவு கொடுக்கப்படவில்லை, அவரவர் தம் பணத்தில் வாங்கித் தம் அடுப்பிற் சமைக்க வேண்டும். அவர்கள் உண்ட பழமும் மரக்கறியும் முன்னைய பரிசோதனையின் அளவை எட்டவில்லை. உணவு பற்றிய அறிவுரையால் மேலதிகமாகக் குறைந்த மேலமுக்கம் 0.6 மில்லிமீற்றர்.